ஏணிக்குக் கீழே நிற்பவன்

நீங்கள் முதலில் ஏணியைப் பற்றிக் கேட்டது நல்லதாயிற்று, நம்பிராஜன் சார். மாட்டுங்காவில் படிக்கட்டு வைத்த வீட்டில் வளர்ந்தவருக்கு அது விசித்திரமாகத்தான் இருக்கும். தாராவியில் எங்கள் சந்தில் படிக்கட்டு வைக்க இடம் ஏது? கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள மேலிருந்து தொங்கும் ஒரு கயிறு. ஏறுகிறவனுக்குக் கஷ்டமில்லை. இறங்குகிறவன்தான் ஏணியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, காலைப் பின்னால் விட்டுத் துழாவ வேண்டும். அடுத்த கம்பி எங்கே இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. அதனால் கீழே யார் நின்றாலும், கையில் என்ன வேலை இருந்தாலும், அந்தக் காலைப் பிடித்துக் கம்பியில் வைத்துவிடுவார்கள். முதலாளி, வேலைக்காரன் என்ற பேச்செல்லாம் அதில் கிடையாது. என் காலை எத்தனையோ பேர் பிடித்து வைத்திருக்கிறார்கள். நானும் பலருக்குப் பிடித்திருக்கிறேன்.

எனக்கு அந்த உதவி கொஞ்சம் கூடுதலாகவே வேண்டும். வாலிபத்தில் குர்லா ஸ்டேஷனில் ஓடுகிற ரயிலிலிருந்து குதித்து இடது கணுக்காலை உடைத்துக்கொண்டேன். வைத்தியர் கட்டியது சரியாகக் கூடவில்லை. வெளிப்பக்கம் கொட்டைப்பாக்கு அளவில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். இதோ, பாருங்கள். தொட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

என் தொழில் தோல் பை. தோலை வெட்டுவது கீழே. சொல்யூஷன் தடவி ஒட்டுவதும் தைப்பதும் மேலே. ஒட்டிய ஓரத்தைச் சுத்தியலால் தட்டிப் படிய வைக்க ஏணியடியில் ஒரு கருங்கல் போட்டிருக்கிறோம். என் வாப்பா காலத்துக் கல் அது. இதையெல்லாம் நீங்கள் வந்து பார்த்துவிட்டீர்கள். நான் ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

தாஹிர் என் தங்கை சாதியாவின் மகன். அவள் புருஷன் சின்ன வயதிலேயே மௌத்தாகிவிட்டார். நான்தான் அந்தக் குடும்பத்துக்கு எல்லாம். பெருமைக்குச் சொல்லவில்லை, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பையன் கபடியில் கெட்டிக்காரன். பாடி வருகிறவனைப் பிடித்து நிறுத்துகிற ஆள், இடது மூலையில் நிற்பான். வருகிறவன் கோட்டைத் தொடத் திரும்புகிற நேரம் பார்த்துக் குனிந்து கணுக்காலைப் பிடிப்பான். பிடித்தால் பிடித்ததுதான். சும்மா சொல்லக்கூடாது, பார்க்க அழகாக இருக்கும்.

ஆனால் கோபக்காரன். ஒரு போட்டியில் நடுவர் தப்பாகச் சொல்லிவிட்டார் என்று அவரை அறைந்துவிட்டான். சங்கத்தில் அவனை நிறுத்திவைத்தார்கள். ஆட்டம் இல்லாமல் போனதும் ஆள் உடைந்துபோனான். என் பட்டறைக்கே வேலைக்கு வந்தான். அங்கே சொல்யூஷன் டப்பா திறந்தே கிடக்கிறது. துணியில் ஊற்றி முகர்ந்துவிட்டு எங்கேயாவது சுருண்டு கிடப்பான். எனக்குத் தெரியும். நான் கண்டும் காணாமல் இருந்தேன். திட்டினால் வெளியே போய் இன்னும் மோசமானதை எடுப்பான் என்றுதான்.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைப் பற்றி அப்போது உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் நான் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஜும்ஆவுக்குப் போயிருந்தார்கள். நானும் போயிருந்தேன். தொழுகை முடிந்து முதல் ஆளாகத் திரும்பியபோது, என் கட்டிங் மாஸ்டர் ஜஹாங்கீர் மண்டையில் அடிபட்டுக் கிடந்தார். பக்கத்தில் தாஹிர், கையில் தட்டுகிற சுத்தியல், போதையில் கண் சொருகி. மற்றவர்கள் வந்தபோது ஜஹாங்கீரின் தலை என் மடியில் இருந்தது. "அட பாவி, என்னலே செஞ்சு வச்சிருக்கே" என்று நான் கேட்டதை எல்லோரும் கேட்டார்கள். நடுவரை அறைந்தவன் என்று ஊருக்கே தெரியும். ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. தாஹிருக்கே வரவில்லை.

ஜஹாங்கீர் பிழைத்துக்கொண்டார். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவர் மனைவி ஹாஃபிஸாவுக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அரிசி, மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் என் பொறுப்பு. பழம் வாங்கிக்கொண்டு அடிக்கடி போய்ப் பார்ப்பேன். அவரால் தலையை ஒரு பக்கம்தான் திருப்ப முடியும். நான் மறுபக்கம் நாற்காலி போட்டு உட்காருவேன். அவருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாது அல்லவா.

தாஹிரை ஆர்தர் ரோடு ஜெயிலில் போட்டார்கள். வக்கீல் வைத்தது நான். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்டதும் நான். வெளியே வந்த அன்று சாதியா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "காக்கா, நீங்க மட்டும் இல்லேன்னா எம்புள்ள அங்கயே கெடந்து செத்துருப்பான்" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை, சார். வேண்டுமானால் அவளையே கேட்டுப் பாருங்கள்.

ஜெயிலில் சொல்யூஷன் கிடைக்காது. அங்கே கிடந்து துடித்து, அந்தப் பழக்கத்தையே விட்டுவிட்டு வந்தான். வந்தவன் வேறு ஆள். விடிந்ததும் ஓடப் போனான். வேலை முடிந்து மைதானத்துக்குப் போனான். பழைய அணியின் கேப்டன் மாரிக்கண்ணன் ஒருநாள் பட்டறைக்கே வந்து என்னிடம் பேசினான். "பாய், ஒரு பேங்க் டீம் கோச் இவன் புடியப் பாத்துட்டு விட மாட்டேங்குறாரு. கேஸ் முடியட்டும்னு சொல்லிருக்காரு. உள்ள போயிட்டு வந்தாலும் சரி, லெஃப்ட் கார்னர் இவனுக்குத்தான். நாங்க வெயிட் பண்றோம்." வக்கீலும் தைரியம் சொன்னார். குற்றத்தை ஒத்துக்கொண்டு, ஜாமீனில் ஒழுங்காக இருந்ததைக் காட்டினால் குறைந்த தண்டனையோடு போய்விடும் என்றார். ஒத்துக்கொள்ள தாஹிர் தயாராகவே இருந்தான். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.

கெடுத்தது அவனுடைய நல்ல மனசுதான். தான் செய்ததற்குப் பரிகாரமாக, தினமும் ஜஹாங்கீர் வீட்டுக்குப் போய் அவர் காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்த்துவிட ஆரம்பித்தான். ஹாஃபிஸா முதலில் கதவையே திறக்கவில்லை. வாசலிலேயே உட்கார்ந்திருந்தானாம். எத்தனை நாள்தான் உட்கார வைப்பாள்? உள்ளே விட்டாள். எனக்குச் சொல்லாமல் செய்தான். தெரிந்திருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

ஒருநாள் சாப்பிடும் நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு நான் ஒரு காலப் புடிச்சேன். அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. யார் காலு மாமா அது?"

"ஜஹாங்கீர் காலுதான். காலப் புடிச்சுக் கீழ தள்ளித்தானே அடிச்சே."

"இல்ல மாமா. அவரு காலத்தான் டெய்லி புடிக்கிறேனே. அது சன்னக் காலு. நான் புடிச்சதுல வெளிய ஒரு எலும்பு முட்டிக்கிட்டு இருந்துச்சு."

"போதையில கெடந்தவனுக்கு எலும்பு தெரிஞ்சுதாலே?"

அவன் சிரிக்கவில்லை. "மூஞ்சி மறந்துரும் மாமா. புடிச்ச காலு மறக்காது. அதுதானே என் வேலை" என்றான். பிறகு என் டிபனையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

என் காலை அவன் பார்த்ததில்லையா என்று நீங்கள் கேட்கலாம். நான் எப்போதும் முழுக்கால் சட்டையும் காலுறையும் போடுகிறவன். சர்க்கரை வியாதிக்காரன் காலைத் திறந்து போடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஏணியில் என் காலைப் பிடிப்பது வழக்கமாக வேறு ஆட்கள்தான். தாஹிருக்கு மேலேதான் வேலை. ஜாமீனில் வந்த பிறகு அவனைக் கீழே வெட்டும் மேஜைக்கு மாற்றியிருந்தேன், சொல்யூஷன் வாடை வேண்டாமே என்று. அந்த நல்லதே எனக்கு வினையாகப் போயிற்று.

அதற்கு மறுநாள் நான் மேலே சரக்கைப் பார்த்துவிட்டு இறங்கினேன். வழக்கம்போலக் காலைப் பின்னால் நீட்டினேன். கீழே நின்றவன் பிடித்தான். கம்பியில் வைக்கவில்லை. பிடித்தபடியே நின்றான். காலுறைக்கு மேலே அவன் கட்டைவிரல் அந்த எலும்பைத் தடவி, ஒரு சுற்றுச் சுற்றி, அங்கேயே நின்றது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்கிறேன். கீழே பார்க்க முடியவில்லை. யார் என்று கேட்கவும் தோன்றவில்லை. அப்புறம் மெதுவாக, மிகவும் மெதுவாக, காலைக் கம்பியில் வைத்தான். இறங்கித் திரும்பியபோது தாஹிர் மேஜைக்குப் போய்த் தோலை விரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை.

சரி. அந்த வெள்ளிக்கிழமைக்கே வருகிறேன். நான் ஜும்ஆவுக்குப் போகவில்லை. பள்ளிவாசல் நிரம்பி ரோடு வரைக்கும் பாய் விரிக்கிற கூட்டத்தில் யார் வந்தார், யார் வரவில்லை என்று யார் பார்க்கிறார்கள்? ஜஹாங்கீர் குர்லாவில் தனியாகப் பட்டறை வைக்கப் போவதாகச் சொல்லியிருந்தார். போகட்டும், நான் தடுக்கிறவன் இல்லை. ஆனால் பை வெட்டுகிற அட்டை அளவுகளையும் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றார். "பாய், இதெல்லாம் என் கையில பொறந்தது. உங்களுக்கு வேணுங்குறது நீங்க வேற போட்டுக்கோங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரும்பிக்கொண்டு அட்டைகளைக் கயிறு போட்டுக் கட்ட ஆரம்பித்தார். பேசுகிறவனுக்கு முதுகைக் காட்டுவது எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. சுத்தியல் கல்லின் மேல் இருந்தது.

வெட்டும் மேஜைக்கு அடியில் தாஹிர் கிடந்தது எனக்குத் தெரியாது. இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கியபோது யாரோ என் கணுக்காலைப் பிடித்தார்கள். அவன் அம்மாவையே அடையாளம் தெரியாத நிலையில் கிடந்தவன், சார். எழுந்திருக்க முடியவில்லை, தவழ்ந்து வந்து பிடித்திருக்கிறான். அப்படிப் பிடித்ததால்தான் ஜஹாங்கீர் இன்று உயிரோடு இருக்கிறார். பிடியை அவிழ்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அப்புறம் சுத்தியலை அவன் கையில் வைத்தேன். அவன் விரல்கள் தானாக மூடிக்கொண்டன. அவனுக்கு ஏற்கெனவே கெட்ட பெயர் இருந்தது, எனக்கு இல்லை. என் மேல் எத்தனை குடும்பம் சாய்ந்திருக்கிறது என்று யோசித்தால் அது நியாயமாகவே பட்டது. இப்போதும் அதில் பெரிய தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை.

ஏணியில் என் காலைப் பிடித்த பிறகு அவன் ஒன்றும் பேசவில்லை. வக்கீலிடம் மட்டும், "கோர்ட்ல நான் ஜட்ஜ்கிட்ட நேரா பேசலாமா?" என்று கேட்டானாம். வக்கீல் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் அவனை மறுபடி மேலே அனுப்பினேன். ஒட்டுகிற வேலைக்கு. காற்று இழுக்கிற ஃபேனைப் பழுது என்று கழற்றிக் கீழே வைத்தேன். தூசி வருகிறது என்று ஜன்னலை ஆணி அடித்து மூடினேன். மற்ற ஆட்கள் தலைவலி என்றார்கள், அவர்களைக் கீழே எடுத்துக்கொண்டேன். தாஹிர் வந்து கேட்டான். "மாமா, எனக்கு வேற வேலை குடுங்க. அந்த வாடைல என்னால இருக்க முடியல. கை தானா டப்பாகிட்ட போவுது." நான் அமைதியாகத்தான் சொன்னேன். வேலை இருக்கிறது என்று சொல்லித்தான் உனக்கு ஜாமீன் வாங்கினேன், வேலை செய்ய மாட்டேன் என்றால் அதையும் கோர்ட்டில் சொல்ல வேண்டியிருக்கும் என்றேன். அவன் ஏணியில் ஏறினான்.

நான் நினைத்தது வேறு, சார். இரண்டொரு நாளில் பழையபடி துணியை மூக்கில் வைத்துவிடுவான் என்று நினைத்தேன். போதைக்காரன் கோர்ட்டில் வந்து எலும்பு, கணுக்கால் என்று பேசினால் யார் கேட்பார்கள்? அவன் உயிருக்குக் கேடு ஒன்றும் நான் நினைக்கவில்லை. ஆனால் அவன் ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வேலை செய்தான். சுவர்த் தகரத்தில் ஆணி ஓட்டை ஒன்று இருந்தது. அதில் வாயை வைத்து மூச்சு வாங்கிவிட்டு வந்து ஒட்டுவான். கண் சிவந்து, தலை சுற்றி, வாந்தி எடுத்துவிட்டு, சாயங்காலம் மைதானத்துக்கும் போனான். டப்பாவை முகரவில்லை. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வழக்கு திங்கட்கிழமை. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை எல்லோரும் ஜும்ஆவுக்குக் கிளம்பினார்கள். நான் உடம்பு சரியில்லை என்று இருந்துகொண்டேன். தாஹிர் மேலே இருந்தான். ஆட்கள் போன பிறகு ஏணி வாயிலில் வந்து உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பேசினான். நான் கீழே கல்லுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"மாமா, திங்கக்கெழம நான் சொல்லிருவேன். நீங்களா சொல்லிட்டா நல்லாருக்கும்னு பாக்குறேன்."

நான் கல்லின் மேல் கிடந்த தோல் துண்டுகளைத் தட்டிவிட்டேன்.

"உம்மாகிட்ட இன்னும் சொல்லல. நீங்க சொல்லுங்க, அப்பதான் அவங்க தாங்குவாங்க. ஜெயில நான் பாத்துட்டேன் மாமா, பயப்படாதீங்க. மொதல்ல ரொம்ப கஷ்டமா இருக்கும், பொறவு பழகிரும். உங்க சுகர் மாத்திரைய நான் கொண்டாந்து தர்றேன். வாராவாரம் வருவேன். நீங்க எனக்கு வந்தீங்கள்ல, அது மாதிரி."

"என் மேல உனக்குக் கோபம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கு. ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. ஆனா நானும் ஆள அடிச்சவன்தானே மாமா. எனக்கு ஒரு சான்ஸ் குடுத்தாங்க. உங்களுக்கும் குடுக்கணும்ல" என்றான். அப்புறம், "தொழுகைக்கு நேரமாச்சு, நான் போறேன்" என்று எழுந்தான்.

ஏணியைப் பார்த்துத் திரும்பினான். கயிற்றைப் பிடித்தான். வலது காலைப் பின்னால் நீட்டித் துழாவினான்.

இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை, சார். நான் யார், என்ன செய்தேன் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். வேறு ஆள் ஒருத்தரும் பட்டறையில் இல்லை என்பதும் தெரியும். இருந்தும் காலை நீட்டினான். கீழே மாமா நிற்கிறார், பிடித்து வைப்பார் என்று நீட்டினான். அந்தக் கால் அந்தரத்தில் கொஞ்ச நேரம் காத்திருந்தது.

பிடித்தேன். கம்பியில் வைக்கவில்லை. என் பக்கமாக இழுத்தேன். கயிறு அவன் கையிலிருந்து வழுக்கிக்கொண்டு போனது. கல் கீழேதான் இருந்தது என்று முன்பே சொன்னேன்.

அன்று நீங்கள் வந்தபோது, பழையபடி சொல்யூஷன் எடுத்துவிட்டான், தலை சுற்றி விழுந்துவிட்டான் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். மேலே அந்த வாடை இருந்தது, நம்பாமல் என்ன செய்வார்கள்? கணுக்காலில் விரல் தடம் இருக்கிறதே என்று நீங்கள் ஒருவர்தான் கேட்டீர்கள். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. ஏணியில் யாரும் யார் காலையும் பிடிப்பதுதானே, காப்பாற்றத்தான் பிடித்தேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். உங்களிடம் சொல்வது கோர்ட்டில் செல்லாது என்பதும் எனக்குத் தெரியும். மாஜிஸ்திரேட்டிடமும் இதையே சொல்கிறேன்.

நேற்று சாதியா அவனை அடக்கிய மையவாடியிலிருந்து வந்து என் தோளில் சாய்ந்து, "எம்புள்ள திருந்தவே இல்லையே காக்கா, உங்க பேரையும் கெடுத்துட்டுப் போயிட்டானே" என்று அழுதாள். என்னால் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. இல்லாத பழியை ஒரு பிள்ளை மேல் போடுவது எனக்குப் பிடிக்காது. அவன் கடைசி வரை முகரவில்லை. அவள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் வந்தேன்.

இன்னொன்றும் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அவன் கீழே வந்து சேரும் வரைக்கும், சேர்ந்த பிறகும், ஆட்கள் தொழுதுவிட்டு வந்து என்னை விலக்கும் வரைக்கும், அவன் காலை நான் விடவே இல்லை.